வன்னியில் ஒரு பிளைவூட் வள்ளம்: வீட்டுக் கொட்டிலில் கட்டும் முறை

இரணைமடு, முத்தையன்கட்டு, வவுனிக்குளம், கட்டுக்கரை போன்ற பெரிய குளங்களும், ஊருக்கு ஊர் சிறு குளங்களும், நந்திக்கடல் போன்ற ஆழங்குறைந்த களப்புகளும் உள்ள வன்னியில், இருவர் தூக்கிச் சென்று தண்ணீரில் இறக்கக்கூடிய ஒரு சிறு வள்ளத்துக்குத் தேவை எப்போதும் உண்டு. முல்லைத்தீவுக் கரையில் வழங்கும் பைபர் வள்ளங்கள் கடலுக்கென வார்க்கப்பட்டவை. பல பேர் கைகொடுக்காமல் அவற்றை அசைக்க இயலாது. வரைபடத்தைப் பார்த்துப் பிளைவூட் பலகையை வெட்டி, கம்பியால் தைத்து, எபொக்சிப் பசையால் ஒட்டிக் கட்டும் 15 அடி நீளமான இருமுனை வள்ளமோ, 6 மில்லிமீற்றர் பலகையில் கட்டினால் ஏறத்தாழ 30 முதல் 35 கிலோகிராம் வரையே இருக்கும். இரண்டு பெரியவர்கள் ஏறினாலும் அது ஒரு சாண் ஆழம்கூட அமிழாது.

பலகைகளைக் கம்பியால் தைத்து, மூட்டுகளைக் கண்ணாடிநார் நாடாவாலும் பசையாலும் பிணைக்கும் இந்த முறை, 1963இல் பிரித்தானியாவில் வெளிவந்த ‘மிரர்’ என்னும் சிறு பாய்ப்படகின் மூலம் உலகெங்கும் பரவியது. ஜாக் ஹோல்ட் என்ற படகு வடிவமைப்பாளரும், வீட்டு வேலைகளைத் தொலைக்காட்சியில் கற்பித்த பாரி பக்னெலும் அதனை உருவாக்கினர். படகு கட்டியே பழகாத சாதாரண மனிதர் தம் வீட்டில் கட்ட வேண்டும் என்பதே அவர்களுடைய நோக்கம். அந்தப் படகு 70,000க்கும் அதிகமாகக் கட்டப்பட்டது. வங்குகால் எனும் விலாச்சட்டம் வைத்துப் பலகை அடிக்கும் பழைய முறையில் கைத்தேர்ச்சி பல ஆண்டுப் பழக்கத்தால் வருவது; இங்கு அந்தத் தேர்ச்சியின் பெரும்பகுதியை வரைபடமே தந்துவிடுகிறது. பலகையைச் சரியான வளைவில் வெட்டினால், விளிம்போடு விளிம்பு சேரும்போது வள்ளத்தின் உருவம் தானாகவே எழும்பும்.

தொடங்குவதற்கு முன் ஒன்றை மனத்தில் இருத்திக்கொள்ள வேண்டும். தைத்த கம்பியை எத்தனை முறை வேண்டுமானாலும் அவிழ்த்துக் கட்டலாம். இறுகிய எபொக்சியை அவிழ்க்க முடியாது. வள்ளம் நேராக ஓடுமா, ஒரு பக்கம் இழுக்குமா, தண்ணீரில் சமமாக நிற்குமா என்பவை அனைத்தும் பசைப் போத்தலைத் திறப்பதற்கு முன்னரே தீர்மானமாகிவிடுகின்றன. அவசரப்படுபவர் பசை வேலையில் அவசரப்பட்டாலும் ஓரளவு தப்பலாம். அளவு குறிப்பதிலும் தைப்பதிலும் அவசரப்பட்டால் தப்பவே முடியாது.

வரைபடமும் மாதிரியும்

இணையத்தில் இலவசமாகக் கிடைக்கும் வரைபடங்கள் பல உள்ளன. ஆயினும் முதல் வள்ளத்துக்கு, பலர் கட்டித் தண்ணீரில் இறக்கிய ஒரு வடிவத்தை விலை கொடுத்து வாங்குவதே நல்லது. தாங்கக்கூடிய நிறை, வெற்று வள்ளத்தின் நிறை, அகலம், வேண்டிய பலகைகளின் எண்ணிக்கை, கண்ணாடிநார்த் துணியின் தடிப்பு ஆகிய ஐந்தும் வரைபடத்தில் எழுதப்பட்டிருக்க வேண்டும். குளத்தில் நின்று வலை இழுக்கவும் தூண்டில் போடவும் விரும்புபவர், தட்டையான அடிப்பலகையும் 32 அங்குலத்துக்குக் குறையாத அகலமும் உள்ள வடிவத்தைத் தெரிவு செய்யட்டும். வேகத்துக்கென ஒடுக்கமாக வரையப்பட்ட வள்ளம், எழுந்து நிற்பவரைப் பொறுக்காது.

வரைபடம் கையில் கிடைத்ததும் மரக்காலைக்குப் போகாமல், பிள்ளைகள் பள்ளி வேலைக்கு வாங்கும் பிரிஸ்டல் அட்டை ஒன்றை வாங்குங்கள். ஓர் அடிக்கு ஓர் அங்குலம் என்ற அளவில் ஒவ்வொரு பலகையையும் அட்டையில் வரைந்து, வெட்டி, ஒட்டுநாடாவால் விளிம்புகளைச் சேர்த்தால் 15 அங்குல வள்ளம் ஒன்று கையில் நிற்கும். எந்த விளிம்பு எதனோடு சேர்கிறது, முன்முனையான அணியத்தில் பலகை எவ்வளவு முறுகுகிறது, குறுக்குச் சட்டத்தின் நீளத்தைக் கூட்டினால் அடிப்பகுதி எப்படி மாறுகிறது என்பவற்றை விரலால் அழுத்தியே அறிந்துகொள்ளலாம். ஒரு மாலைப்பொழுதில் முடியும் இந்த வேலை, அளவு அட்டவணையை ஒருவர் பிழையாக வாசித்திருந்தால் அதனையும் காட்டிக்கொடுத்துவிடும்.

பலகை தெரிதல்

பலகையில் மிச்சம் பிடிக்க நினைப்பதுதான் இந்த வேலையில் மிகவும் விலை உயர்ந்த சிக்கனம். கடைகளில் அலுமாரிக்கும் கூரைத்தட்டுக்கும் விற்கப்படும் பிளைவூட்டின் பசை ஈரப்பதத்தைத் தாங்கலாம். தொடர்ந்து நனைவதைத் தாங்காது. கப்பல் தர பிளைவூட்டுக்குரிய பிரித்தானிய நியமம் பி.எஸ். 1088 ஆகும். அது கொழும்பிலிருந்து வருவிக்க வேண்டியதாகவும் விலை கூடியதாகவும் இருந்தால், கொதிநீரைத் தாங்கும் பசையால் ஒட்டப்பட்டது என்பதைக் குறிக்கும் ‘டபிள்யூ.பி.பி.’ என்ற முத்திரையுள்ள பலகையைத் தேடலாம். முத்திரையை மட்டும் நம்பவும் கூடாது. கடைக்காரரிடம் ஒரு சிறு துண்டு கேட்டு வாங்கி, அதனை ஒரு மணித்தியாலம் கொதிநீரில் அவித்து, வெயிலில் நன்றாக உலர்த்தி, மறுபடியும் அவித்துப் பாருங்கள். படைகள் விலகினாலோ விளிம்பில் வாய் பிளந்தாலோ அந்தப் பலகையை வாங்க வேண்டாம்.

அடுத்ததாக விளிம்பைப் பார்க்க வேண்டும். 6 மில்லிமீற்றர் பலகையில் ஐந்து படைகள் இருந்தால் நல்லது. மூன்றே படைகள் இருந்து, நடுப்படை தடித்தும் மேற்படைகள் கடதாசி போலவும் இருந்தால், அணியத்தில் வளைக்கும்போது மேற்படை வெடிக்கும். நடுப்படையில் இடைவெளி உள்ள இடம் விளிம்பில் கரும்புள்ளியாகத் தெரியும். பலகையின் முகத்தை விரல்முட்டியால் தட்டிக்கொண்டே போனால், உள்ளே வெற்றிடம் உள்ள இடத்தில் ஓசை மாறுவதைக் கேட்கலாம். 8 அடிக்கு 4 அடிப் பலகை ஒன்று மென்மரமாயின் 9 அல்லது 10 கிலோகிராம், வன்மரமாயின் 12 கிலோகிராமுக்கு மேல் இருக்கும். மூன்று பலகைகளில் இந்த வேறுபாடு, வள்ளத்தைத் தோளில் வைக்கும் நாளில் தெரியவரும்.

விளிம்புச் சட்டங்களுக்குத் தேக்கு ஏற்றது. முதிரையும் பாலையும் வன்னியின் பெருமைக்குரிய மரங்களே. ஆனால் அவற்றின் நிறை இந்தச் சிறு வள்ளத்துக்கு ஒவ்வாது. ஆசனத்துக்கும் உட்சட்டங்களுக்கும் மலைவேம்பு போன்ற இலேசான மரம் போதும். மரத்தை அனுமதியுள்ள மரக்காலையில் வாங்கி, பற்றுச்சீட்டையும் கையில் வைத்துக்கொள்ளுங்கள். ஒரு தடி வெட்டத்தானே என்று எண்ணிக் காட்டுக்குள் இறங்குவது சட்டத்துக்கு மாறானது. மிதிவெடி அகற்றி முடியாத இடங்கள் இன்னும் உள்ள பகுதிகளில் அது உயிருக்கும் ஆபத்தானது.

இரண்டு பலகைகளை நீளமாக்குதல்

15 அடி வள்ளத்துக்கு 8 அடிப் பலகைகளை நீளவாக்கில் இணைக்க வேண்டும். பலகையின் தடிப்பைப் போல் எட்டு மடங்கு நீளத்துக்கு இரு முனைகளையும் சரிவாகச் சீவி ஒன்றின்மேல் ஒன்று ஒட்டும் சரிவு மூட்டே மிகச் சிறந்தது. 6 மில்லிமீற்றர் பலகைக்கு அந்தச் சரிவு 48 மில்லிமீற்றர் ஆகும். இணைக்க வேண்டிய பலகைகளை ஒன்றன்மேல் ஒன்றாக, ஒவ்வொன்றும் 48 மில்லிமீற்றர் பின்தள்ளி நிற்குமாறு படிக்கட்டு வடிவில் அடுக்கி, கீழே நேரான தடித்த பலகை ஒன்றைக் கொடுத்து, கூரான சீவுளியால் எல்லாவற்றையும் ஒரே சரிவாகச் சீவுங்கள். சீவச் சீவப் பிளைவூட்டின் படைகள் நிற வரிகளாக வெளிப்படும். அந்த வரிகள் ஒரு கரையிலிருந்து மறு கரைவரை நேராகவும் ஒன்றுக்கொன்று சமாந்தரமாகவும் ஓடினால் சரிவு சரி. ஓரிடத்தில் வரி அலைந்தால் அங்கே பள்ளமோ மேடோ இருக்கிறது என்பது பொருள். வேறு அளவுகோல் எதுவும் தேவையில்லை.

ஒட்டும்போது முதலில் வெறும் எபொக்சியை இரு சரிவுகளிலும் பூசி, மரம் உறிஞ்சிய இடத்தில் மறுபடி பூசி, அதன் பின்னரே மரத்தூள் மா கலந்து தடிப்பாக்கிய பசையை இட வேண்டும். மூட்டுக்கு மேலும் கீழும் பொலித்தீன் விரித்து, வழுக்கி விலகாதபடி இரண்டு சிறு ஆணிகளை அடித்து, மேலே பலகை ஒன்றை வைத்து, சீமெந்துக் கற்களைப் பாரமாக ஏற்றுங்கள். பசை முழுவதும் பிதுங்கி வெளியேறும் அளவுக்கு நெருக்கக் கூடாது. சீவுளி பழகாதவர், இரு பலகைகளையும் முட்டவைத்து, பின்புறத்தில் 6 அங்குல அகலப் பிளைவூட் துண்டை ஒட்டும் முட்டு மூட்டைச் செய்யலாம். வரைபடம் அதற்கு இடம் கொடுத்திருந்தால் பலத்தில் குறையில்லை, அழகில் மட்டும் சற்றுக் குறையும்.

அளவு குறித்தலும் வெட்டுதலும்

பலகையின் ஒரு நீள விளிம்பை அடிக்கோடாகக் கொண்டு, வரைபடத்தில் உள்ளபடி ஒவ்வோர் அடிக்கும் மூலைமட்டத்தால் செங்குத்துக் கோடு போட்டு, அட்டவணையில் உள்ள அளவுகளைப் புள்ளிகளாக இடுங்கள். ஒவ்வொரு புள்ளியிலும் சிறு ஆணி நிறுத்தி, கணு இல்லாத, ஒரே தடிப்பாகச் சீவிய நீண்ட சிலாகை ஒன்றை ஆணிகளோடு அணைத்து வளைக்க வேண்டும். கணு உள்ள சிலாகை அந்த இடத்தில் வளைய மறுத்து வள்ளத்துக்கு ஒரு கூனைக் கொடுத்துவிடும். சிலாகை கிடைக்காத இடத்தில் வயறிங் வேலைக்குப் பயன்படும் பி.வி.சி. குழாயும் உதவும்.

வளைத்த பின் பலகையின் முனைக்குச் சென்று, கண்ணைப் பலகை மட்டத்துக்குத் தாழ்த்தி, கோட்டின் நீளத்துக்குப் பாருங்கள். மேலிருந்து பார்க்கும்போது தெரியாத திடீர் வளைவு இந்தப் பார்வையில் துலக்கமாகத் தெரியும். ஒரு புள்ளி சிலாகையிலிருந்து ஒரு மில்லிமீற்றர் விலகினால் சிலாகையை நம்புங்கள். 5 மில்லிமீற்றர் விலகினால் அட்டவணையை மறுபடி வாசியுங்கள். வள்ளத்தின் இடமும் வலமும் ஒன்றேயாதலால், இரு பலகைகளையும் ஒன்றாகப் பிணைத்து, கோட்டுக்கு இரண்டு மில்லிமீற்றர் வெளியே வாளால் வெட்டி, எஞ்சியதைச் சீவுளியால் கோடு வரை சீவ வேண்டும். ஜிக்சோ பயன்படுத்துபவர் மிக நெருங்கிய பல்லுள்ள புதிய அலகைப் போடட்டும். சோடி சோடியாகச் சீவிய பின்னரே பிரிக்க வேண்டும். பிரித்த பின் ஒன்றை மட்டும் திருத்தினால் இரு பக்கமும் ஒருபோதும் ஒத்துவராது.

தைத்தல்: முழுக் கவனமும் வேண்டிய இடம்

விளிம்பிலிருந்து 8 மில்லிமீற்றர் உள்ளே, ஏறத்தாழ 5 அங்குலத்துக்கு ஒன்றாக, 2 மில்லிமீற்றர் துளைகளை இடுங்கள். பலகை அதிகமாக முறுகும் முனைகளில் இன்னும் நெருக்கமாக இட வேண்டும். எதிரெதிர்ப் பலகைகளின் துளைகள் நேருக்கு நேர் வருமாறு குறித்துக்கொள்ளுங்கள். கம்பிக்கு, வீட்டு வயறிங் வயரின் உறையை உரித்தெடுத்த செப்புக் கம்பி மிகவும் நல்லது. கொங்கிரீட் வேலைக்குக் கம்பி கட்டும் கட்டுக்கம்பியும் உதவும். ஆனால் அது துருப்பிடிப்பதால் ஒன்றுகூட உள்ளே தங்காமல் பின்னர் உருவிவிட வேண்டும்.

ஒரு சாண் நீளத் துண்டுகளாகக் கம்பியை வெட்டி, உள்ளிருந்து வெளியே இரு துளைகளிலும் செலுத்தி, வெளிப்புறத்தில் தளர்வாக முறுக்குங்கள். முதலில் எல்லாக் கம்பிகளும் தளர்வாகவே இருக்கட்டும். அடிப்பலகையின் நடுவில் தொடங்கி இரு முனைகளையும் நோக்கிப் போக வேண்டும். எல்லாம் கோத்து முடிந்து, நடு அகலத்தைக் காக்கும் தற்காலிகக் குறுக்குத் தடிகளையும் வைத்த பின்னர், குறட்டால் கம்பியை வெளிப்புறமாக இழுத்துப் பிடித்துக்கொண்டு சிறிது சிறிதாக முறுக்கி இறுக்குங்கள். இழுக்காமல் முறுக்கினால் கம்பி அறும். ஒரே கம்பியை மட்டும் அதிகம் இறுக்கினால் அது பலகையை அறுத்துக்கொண்டு வெளியே வரும். விளிம்புகள் ஒன்றையொன்று தொட்டால் போதும். ஒன்றின்மேல் ஒன்று ஏறக் கூடாது.

இப்போது வள்ளம் முறுகாமல் நிற்கிறதா என்பதைச் சோதிக்க வேண்டும். அணியத்தின் நுனியிலிருந்து பின்முனையான கடையாரின் நுனிக்கு நூல் ஒன்றை இழுத்துக் கட்டி, குறுக்குத் தடிகளின் நடுப்புள்ளிகள் நூலுக்கு நேர்கீழே உள்ளனவா என்று தூக்குக்குண்டால் பாருங்கள். அடுத்து, முன்கால் பங்கிலும் பின்கால் பங்கிலும் நேரான இரு தடிகளை வள்ளத்தின் இரு பக்கங்களிலும் படும்படி குறுக்கே வைத்து, ஒரு முனையிலிருந்து ஒற்றைக் கண்ணால் பார்த்தால், இரண்டும் ஒன்றின் பின் ஒன்றாகச் சமாந்தரமாகத் தெரிய வேண்டும். கண்ணை நம்பாதவர், மேசன்மார் அத்திவாரத்துக்கு மட்டம் பார்க்கும் தண்ணீர்க் குழாயை எடுத்துத் தடிகளின் நான்கு முனைகளிலும் வைத்துப் பார்க்கலாம்; அந்தக் குழாய் பொய் சொல்லாது. இறுதியாக, அணிய நுனியிலிருந்து நடுக் குறுக்குத் தடியின் இடமுனைக்கும் வலமுனைக்கும் உள்ள தூரம் சமமா என்று அளந்துகொள்ளுங்கள்.

முறுகல் இருந்தால், தாழ்ந்த மூலையின் கீழ் ஆப்பு வைத்து உயர்த்துவதும், உயர்ந்த மூலையில் மணல் பை வைத்துத் தாழ்த்துவதும், அவ்விடத்துக் கம்பிகளைத் தளர்த்தி மறுபடி இறுக்குவதும் பெரும்பாலும் போதும். மறுநாள் காலையில் மறுபடியும் அளந்து பாருங்கள். பகல் வெயிலில் நின்ற பலகை இரவுக் குளிரில் சற்று அசைந்திருக்கும். முறுகிய உடலோடு இறுகிவிட்ட வள்ளம், எவ்வளவு திறமையாக வலித்தாலும் ஒரே பக்கம் திரும்பிக்கொண்டிருக்கும். அதற்குப் பின்னால் வைத்தியம் இல்லை.

எபொக்சி

முல்லைத்தீவு, அளம்பில், நாயாறு போன்ற கரையூர்களில் பைபர் வள்ளம் பழுதுபார்க்கும் கைகள் பல உள்ளன. கண்ணாடிநார்த் துணியைக் குமிழி இல்லாமல் படியவைப்பதில் அவர்களுடைய பழக்கத்துக்கு ஈடில்லை; ஒருவரை உதவிக்கு அழைத்தால் பெரும் பயன் உண்டு. ஆயினும் அவர்கள் பழகியது பொலியெஸ்டர் ரெசின். அதில் கடினமாக்கியைச் சற்றுக் கூட்டியும் குறைத்தும் இறுகும் வேகத்தை மாற்றலாம். எபொக்சியில் அது கூடவே கூடாது. பிசினும் கடினமாக்கியும் குறித்த விகிதத்தில் ஒன்றோடொன்று முழுமையாகச் சேர்ந்து இறுகுகின்றன. எது கூடினாலும் எஞ்சியது என்றும் இறுகாமல் பிசுபிசுப்பாகவே நிற்கும். கனவளவில் இரண்டுக்கு ஒன்று என்று எழுதியிருந்தால், அது நிறையில் இரண்டுக்கு ஒன்று ஆகாது என்பதையும் கவனியுங்கள். உற்பத்தியாளர் நிறை விகிதம் தந்திருந்தால், சமையலறை மின்தராசில் நிறுத்துக் கலப்பதே மிகத் துல்லியமானது. செலவு கூடினாலும் மரத்துக்கு எபொக்சிதான் வேண்டும். பொலியெஸ்டர் மரத்தை உறுதியாகப் பற்றாது, ஈரம் பட்ட சில காலத்தில் தோலாக உரியும். அடிப்பகுதி முழுவதும் துணி போர்த்தும் வள்ளத்துக்கு ஏறத்தாழ 6 லீற்றர் எபொக்சி செல்லும்.

வன்னியின் வெக்கை இங்கே பெரிய காரணி. வெப்பநிலை 10 பாகை ஏறினால் பசை இறுகும் நேரம் ஏறத்தாழ பாதியாகக் குறையும். 25 பாகையில் அரை மணித்தியாலம் கையில் நிற்கும் கலவை, தகரக் கொட்டிலின் நடுப்பகல் வெக்கையில் கால் மணித்தியாலத்துக்கும் குறைவாகவே நிற்கும். கிண்ணம் நிறையக் கலந்து வைத்தால் அதன் சொந்தச் சூட்டிலேயே புகைந்து கட்டியாகிவிடும். ஆகவே சிறுகச் சிறுகக் கலந்து, கலந்ததும் அகன்ற தட்டில் பரப்பி ஊற்றுங்கள்.

வேலைக்கு ஏற்ற காலம் மாசி முதல் சித்திரை வரையாகும். மாரி ஓய்ந்து காற்றில் ஈரம் குறைந்திருக்கும். தென்மேற்கிலிருந்து வீசும் சோளகக் காற்று புழுதியை அள்ளிவரும் காலம் இன்னும் தொடங்கியிராது. வேலை முடியும்போது குளங்களிலும் தண்ணீர் நிற்கும். வெறும் மரத்தில் முதற்பூச்சை, வெக்கை தணியத் தொடங்கும் பிற்பகலில் பூச வேண்டும். காலையில் பூசினால், சூடேற ஏற மரத்தின் உள்ளே உள்ள காற்று விரிந்து பூச்சில் குமிழிகளாக எழும். மாசிப் பனி பூச்சின்மேல் படாதபடி சுற்றிலும் தறப்பாள் கட்டுங்கள்.

முதலில் கம்பிகளுக்கு இடையில் மட்டும் தடிப்பாக்கிய பசையைச் சிறு பொட்டுகளாக வைத்து இறுகவிடுங்கள். பின்னர் கம்பிகளை எல்லாம் உருவிவிடலாம். பசையில் சிக்கிய கம்பியைச் சூடான சோல்டரிங் அயனால் சற்று நேரம் தொட்டால் அது இளகி வெளியே வரும். அடுத்ததாக உள் மூட்டுகள் நெடுக, மரத்தூள் மாவும் சிலிக்கா மாவும் கலந்து தடிப்பாக்கிய பசையை இட்டு, வட்ட முனையுள்ள தகட்டால் ஒரே இழுப்பாக இழுத்து, ஏறத்தாழ 20 மில்லிமீற்றர் ஆரமுள்ள குழிவான அணையாக ஆக்க வேண்டும். இந்தக் கலவை வேர்க்கடலை வெண்ணெயின் பதத்தில், தகட்டிலிருந்து வழியாமல் நிற்க வேண்டும். அரித்தெடுத்த மிக நுண்ணிய மரத்தூளே ஆகும். வாள் தூளைப் போட்டால் மணலாகச் சொரசொரக்கும். அணை இளக்கமாக இருக்கும்போதே 3 அங்குல அகலக் கண்ணாடிநார் நாடாவை அதன்மேல் படியவைத்து, வெள்ளை நிறம் மறைந்து கண்ணாடி போலத் தெளியும் வரை தூரிகையால் எபொக்சியை ஊட்டுங்கள். எங்காவது வெண்மை எஞ்சினால் அங்கே பசை ஊறவில்லை.

வள்ளத்தைக் கவிழ்த்து, வெளி விளிம்புகளை விரல் நுனி அளவுக்கு உருண்டையாகச் சீவி, துளைகளை அடைத்து, சதுர மீற்றருக்கு 200 கிராம் நிறையுள்ள துணியை அடிப்பகுதி முழுவதும் போர்த்துங்கள். பழைய வங்கி அட்டை ஒன்றால் நடுவிலிருந்து வெளியே வழித்து, மிகுதியான பசையை அகற்ற வேண்டும். துணியின் மேலே தேங்கும் பசை பலம் தருவதில்லை, பாரத்தையே தருகிறது. துணியின் இழை மறையும்வரை மேலும் இரண்டு மெல்லிய பூச்சுகள் தேவைப்படும். முந்தியது ஒட்டும் பதத்தில் இருக்கும்போதே அடுத்ததைப் பூசினால் தேய்க்க வேண்டியதில்லை. முழுதும் இறுகிவிட்டால், மேலே படியும் மெழுகு போன்ற படலத்தை முதலில் தண்ணீர் விட்டு உரஞ்சிக் கழுவி, உலர்ந்த பின்னரே மண்கடதாசி போட வேண்டும். கழுவாமல் தேய்த்தால் அந்தப் படலம் உள்ளே அழுந்தி, அடுத்த பூச்சு பற்றாது.

கையுறை இல்லாமல் எபொக்சியைத் தொடாதீர்கள். ஒருமுறை தோல் ஒவ்வாமை ஏற்பட்டால் அது பெரும்பாலும் வாழ்நாள் முழுதும் நீடிக்கும். தோலில் பட்டால் சவர்க்காரமும் தண்ணீருமே போதும். தின்னரால் துடைத்தால் அது பிசினைத் தோலுக்குள் கொண்டுசெல்லும். தேய்க்கும்போது நல்ல முகக்கவசம் அணியுங்கள், சிறுவர்களைக் கொட்டிலுக்குள் விடாதீர்கள்.

விளிம்பும் ஆசனமும் மிதப்பும்

விளிம்புச் சட்டங்களை அரை அடிக்கு ஒரு பிடி வீதம் நெருக்கி ஒட்ட வேண்டும். அத்தனை கிளாம்புகள் எவரிடமும் இருக்காது. 4 அங்குல பி.வி.சி. குழாயை ஓர் அங்குல வளையங்களாக அறுத்து, ஒவ்வொன்றிலும் ஒரு கீறல் போட்டால் நல்ல சுருள்வில் பிடிகள் கிடைத்துவிடும். தேக்கில் எண்ணெய் இருப்பதால், ஒட்டுவதற்குச் சற்று முன்னர் அசிற்றோனால் துடையுங்கள். குறுக்குச் சட்டத்தின் நீளம் வரைபடத்தில் உள்ளபடியே இருக்கட்டும். ஆசனத்தை அடியிலிருந்து 9 அங்குலத்துக்கு மேல் உயர்த்த வேண்டாம். உயர உயர வள்ளம் தளும்பும்.

மிதப்புப் பெட்டி இல்லாத வள்ளத்தைத் தண்ணீரில் இறக்கக் கூடாது என்பதில் நான் உறுதியாக இருக்கிறேன். நன்னீரில் ஒரு லீற்றர் வெற்றிடம் ஏறத்தாழ ஒரு கிலோகிராமைத் தாங்கும். அணியத்திலும் கடையாரிலும் 30 லீற்றர் வீதம் மிதப்பு இருந்தால், தண்ணீர் நிறைந்த வள்ளமும் மேலே நின்று, பிடித்துக்கொள்பவரைத் தாங்கும். முனைகளைப் பலகையால் அடைத்துப் பெட்டியாக்கி, திறந்து காற்றாட ஒரு மூடியும் வையுங்கள். பெட்டி கசிந்தாலும் உதவும்படி, மூடி இறுக்கிய 1.5 லீற்றர் வெற்றுப் போத்தல்களை உள்ளே அடுக்கலாம். 20 போத்தல்கள் 30 லீற்றராகும்.

பூச்சு

வெயில் படும் எபொக்சி மஞ்சளாகி, பின் பொடியாகும். ஆகவே அதன்மேல் பூச்சு கட்டாயம் வேண்டும். வெளிப்புறத்துக்கு வெளிர் நிற இனாமல் நல்லது. கடும் நிறம் பூசிய வள்ளம் வெயிலில் கைவைக்க முடியாதபடி சுடும். மரத்தின் நிறம் தெரிய வேண்டும் என்று விரும்புபவர் புறஊதாக் கதிரைத் தடுக்கும் வார்னிஷைப் பூசி, ஆண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்கத் தயாராக இருக்கட்டும்.

தண்ணீரில் இறக்குதல்

முதலில் இறக்குவது காற்றில்லாத விடியலில், ஊர்மக்கள் வழமையாகக் குளிக்கும் துறையில் அமையட்டும். வன்னிக் குளங்களில் முதலைகள் உள்ளமையால் ஒதுக்குப்புறமான இடம் வேண்டாம். உயிர்காப்பு அங்கியை அணிந்து, இடுப்பளவு நீரில் வள்ளத்தை வேண்டுமென்றே தண்ணீரால் நிரப்பி, அது எப்படி மிதக்கிறது என்பதைக் கண்ணால் பார்த்துக்கொள்ளுங்கள். சோளகக் காலத்தில் இரணைமடு போன்ற அகன்ற நீர்ப்பரப்பில் அலை விரைவில் எழும். போகும்போது காற்றை எதிர்த்துப் போனால், களைத்துத் திரும்பும்போது காற்றே கரைக்குக் கொண்டுவரும். தண்ணீர் திறந்துவிடும் துருசுக்கு அருகிலும், மிகைநீர் வழிந்து வான் பாயும் காலத்தில் வான் பக்கத்திலும் வள்ளத்தைக் கொண்டுபோகவே கூடாது. 2018 டிசம்பரில் கிளிநொச்சியும் முல்லைத்தீவும் வெள்ளத்தில் மூழ்கியதை அறிந்தவர்கள், வீட்டில் ஒரு வள்ளம் இருந்தால் உதவும் என்று எண்ணுவது இயல்பே. தேங்கிய நீரில் அது உதவும், இழுத்தோடும் நீருக்கு இந்த வள்ளம் ஆகாது.

குளத்தில் இறக்குவதற்கு முன், பெரிய குளமாயின் நீர்ப்பாசனத் திணைக்களத்திடமும், சிறு குளமாயின் கமநல சேவை நிலையத்திடமும் கேட்டுக்கொள்வது நல்லது. மீன்பிடிக்கப் பயன்படுத்துவதானால், 1996ஆம் ஆண்டின் 2ஆம் இலக்கக் கடற்றொழில், நீரியல் வளங்கள் சட்டத்தின் கீழ் பதிவும் அனுமதியும் வேண்டும்; அந்தக் குளத்து மீனவர் சங்கத்தோடும் பேசிக்கொள்ளுங்கள்.

வன்னியில் வைத்திருக்கும் வள்ளத்துக்குத் தண்ணீரைவிடக் கறையானே பெரிய எதிரி. நிலத்திலோ சுவரிலோ தொடாதபடி, இரண்டு கால்களின்மேல் கவிழ்த்து, கூரையின் கீழ் வையுங்கள். மிதப்புப் பெட்டிகளின் மூடிகள் திறந்திருக்கட்டும். நந்திக்கடலில் ஓடி வந்தால் நல்ல தண்ணீரால் கழுவிவிட வேண்டும். குளங்களில் நீருக்குள் நிற்கும் பட்டமரக் கட்டைகள் அடிப்பகுதியைக் கீறும். ஒவ்வொரு முறையும் கவிழ்க்கும்போது கையால் தடவிப் பார்த்து, கீறலில் மரம் தெரிந்தால், அந்த இடத்தைத் தேய்த்து, சில நாட்கள் நிழலில் முற்றாக உலரவிட்டு, அதன் பின்னரே எபொக்சி பூசுங்கள். ஈரத்தோடு பூசினால் அது உள்ளே அடைபட்டு, பூச்சுக்கு அடியில் பலகை கறுத்து உக்கத் தொடங்கும்.